பைதானே என்று விட்டுவிட முடியுமா?

மொழிபெயர்ப்பில் எது கஷ்டம் என்று கேட்டால் கவிதை, தத்துவம், சட்டம் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலத்திலிருந்து போர்ச்சுகீசியத்துக்குப் போகும் வழியில் பெரிய பெரிய சொற்கள் அவ்வளவாகத் தொந்தரவு கொடுப்பதில்லை. 'டெமாக்ரசி' அங்கே 'டெமொக்ரசியா'. 'எகானமி' அங்கே 'எகொனொமியா'. 'ஃபிலாசஃபி' அங்கே 'ஃபிலொசொஃபியா'. இரண்டு மொழிகளும் ஒரே கிரேக்க, லத்தீன் கிடங்கில் சரக்கு எடுத்தவை. வாலை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.

ஆளைக் கவிழ்ப்பதெல்லாம் சின்னச் சொற்கள்தான். அதில் முதல் வரிசையில் நிற்பது 'பேக்'. ஆம், சாதாரணப் பை!

ஒரு ஆங்கிலக் கதையில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்: அவன் தன் பையை மேசைமேல் வைத்தான். தமிழுக்கு இது ஒன்றுமே இல்லை. 'பேக்' என்று இருந்தால் 'பை' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆங்கிலத்தைப் போலவே தமிழிலும் பை என்பது எல்லாவற்றையும் மூடி மறைக்கும் ஒரு பொதுச்சொல். பள்ளிக்கூடப் பை, மஞ்சப்பை, தோள்பை, சுருக்குப்பை என்று முன்னால் ஒன்றைச் சேர்த்தால்தான் விவரம் வெளியே வரும். சேர்க்காவிட்டாலும் குற்றமில்லை.

பிரேசிலில் இருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவர் உடனே முடிவு செய்தாக வேண்டும். 'போல்சா' என்று எழுதினால், அவன் ஒரு பெண்ணின் கைப்பையை வைத்திருக்கிறான் என்ற எண்ணம் வாசகருக்கு வரும். 'மோஷிலா' என்றால் முதுகுப்பை, ஆள் மாணவனாகவோ ஊர் சுற்றுபவனாகவோ இருப்பான். 'பாஸ்தா' என்றால் ஆபீஸ் பை. ஆள் வக்கீல், அதிகாரி அல்லது வாத்தியார். 'மாலா' என்றால் பயணப் பெட்டி, ஊரிலிருந்து வந்திருக்கிறான். 'சக்கோலா' என்றால் கைப்பிடி வைத்த கடைப்பை, இப்போதுதான் சந்தையிலிருந்து வந்திருக்கிறான். 'சாக்கோ' என்றால் கைப்பிடி இல்லாத பை அல்லது மூட்டை, சுமந்து வந்திருக்கிறான்.

ஒரே வரி. ஆறு ஆட்கள். ஆங்கில ஆசிரியர் சொல்லாமல் விட்டதை மொழிபெயர்ப்பாளர் சொல்லியே ஆக வேண்டும். அவன் என்ன தொழில் செய்கிறான், எங்கிருந்து வருகிறான், கையில் காசு உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது. பை என்பது அங்கே ஒரு பொருள் மட்டுமல்ல, ஒரு சாட்சி. அதனால்தான், 'பேக் = போல்சா' என்று ஒரு சமன்பாடு போட்டு மனப்பாடம் செய்ய வைக்கும் அகராதிகளும் பாடப்புத்தகங்களும் உதவியை விட உபத்திரவமே அதிகம் செய்கின்றன.

இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியாக வந்தவை. 'போல்சா' லத்தீன் 'புர்சா'விலிருந்து வந்தது. அதன் மூலம் தோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ஆங்கிலத்தின் 'பர்ஸ்' அதே வீட்டுப் பிள்ளைதான். 'மோஷிலா' ஸ்பானிஷ் வழியாக வந்தது. அதன் வேர் பையன், எடுபிடி என்று பொருள்படும் ஒரு பாஸ்க் மொழிச் சொல். 'மாலா' பிரெஞ்சு வழியாக ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்தது. 'சாக்கோ' லத்தீன் 'சக்குஸ்', அதற்கு முன் கிரேக்கம், அதற்கும் முன் செமிட்டிக் மொழிகள் என்று வியாபாரிகளோடு ஊர் ஊராக நடந்த சொல். எழுத்தில் 'சாக்கோ' என்றாலும் போர்ச்சுகீசிய உச்சரிப்பில் அது கிட்டத்தட்ட 'சாக்கு'தான். தமிழில் அரிசி கட்டும் சாக்கும் இதே குடும்பம், ஐரோப்பியக் கப்பல்களோடு கரை சேர்ந்தது. மாலா என்ற பெயருள்ளவர்களும் பாஸ்தா பிரியர்களும் மட்டும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே மாலா என்றால் பெட்டி. பாஸ்தா என்றால் ஆபீஸ் பை, கோப்பு உறை, பற்பசை, ஏன், மந்திரியின் இலாகா கூட! சாப்பிடும் பாஸ்தாவுக்கு 'மாஸா' என்று வேறு பெயர்.

இத்தனையும் பிரேசில் கணக்கு. போர்ச்சுகலுக்குப் போனால் கணக்கு மறுபடியும் மாறுகிறது.

பிரேசிலில் 'கார்த்தெய்ரா' என்றால் ஆண்களும் பெண்களும் வைத்திருக்கும் மணிபர்ஸ். போர்ச்சுகலில் அதே சொல் மணிபர்சையும் குறிக்கும், பெண்களின் கைப்பையையும் குறிக்கும். அங்கே கைப்பைக்கு 'மாலா' என்ற சொல்லும் உண்டு. ஆனால் பிரேசில்காரர் காதில் மாலா என்று விழுந்தால் சூட்கேஸ்தான் கண்முன் நிற்கும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'பர்ஸ்' என்றால் பிரிட்டனில் சில்லறை வைக்கும் சின்னப் பை. அமெரிக்காவில் அது பெண்களின் முழுக் கைப்பை. ஆக, பர்ஸ் என்ற ஒரு சொல்லை மொழிபெயர்க்கும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். எழுதியவர் லண்டன்காரரா, நியூயார்க்காரரா? படிக்கப் போகிறவர் லிஸ்பனிலா, சாவ் பாவ்லோவிலா?

இதில் என்ன பெரிய நஷ்டம் வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். கதையில் வந்தால் நஷ்டமில்லை. போலீஸ் ஸ்டேஷனில் வந்தால்?

லண்டனில் ஒரு போர்ச்சுகல் பெண்ணின் கைப்பை திருடு போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் சரியாக வராது. 'என் கார்த்தெய்ராவைத் திருடிவிட்டார்கள்' என்று அழுதுகொண்டே சொல்கிறார். உதவிக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் பிரேசில் போர்ச்சுகீசியம் படித்தவர். 'மணிபர்ஸ் திருட்டு' என்று எழுதிவிடுகிறார். மறுநாள் அந்தப் பெண் கைபேசி, வீட்டுச் சாவி, கண்ணாடி, மருந்து எல்லாம் போய்விட்டது என்று பட்டியல் கொடுக்கிறார். ஒரு மணிபர்சுக்குள் இத்தனை சாமானா என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சந்தேகம் வரும். வராமல் இருக்குமா? அவர் பொய் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரும் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு பை சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பொய் சொன்னவர் போல நிற்கப் போவது அந்தப் பெண்தான்.

விமானப் பயணத்திலும் இதே வம்பு. 'ஒரு பேக் இலவசம்' என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பதை எப்படி மாற்றுவது? போல்சா என்றால் கைப்பை மட்டும். மாலா என்றால் சூட்கேஸ். மோஷிலா என்றால் முதுகுப்பை. பிரேசிலில் இது வெறும் சொல் விவகாரமாக இருக்க முடியாது. அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் 2016 டிசம்பரில் கொண்டுவந்த 400-ஆம் எண் தீர்மானம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை உள்நாட்டுப் பயணத்தில் 23 கிலோ வரை பெட்டியை இலவசமாக அனுப்பலாம். அதற்குப் பிறகு நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்க அனுமதி கிடைத்தது. கையில் எடுத்துப் போகும் சுமைக்கான குறைந்தபட்ச அளவு 5 கிலோவிலிருந்து 10 கிலோ ஆனது. இப்படி எந்தப் பைக்குக் காசு, எந்தப் பைக்கு இல்லை என்ற நிலை வந்தபிறகு, தப்பான சொல் நேராகப் பயணியின் பாக்கெட்டில் கை வைக்கும். (பாக்கெட்டுக்கு அங்கே 'போல்சோ' என்று பெயர். கடைசி எழுத்து மாறினால் கைப்பை சட்டைப்பை ஆகிவிடுகிறது!)

வியாபாரச் செய்திகளில் 'ஒரு பேக் காபி' என்று வந்தால் இன்னும் வேடிக்கை. கடையில் வாங்கும் அரைக் கிலோ காபித்தூள் என்றால் அது 'பக்கோத்தி', பொட்டலம். உலகச் சந்தையில் பேசும் காபி என்றால் அது 'சாக்கா'. சாக்கோ அல்ல, சாக்கா. ஒரு சாக்கா என்றால் 60 கிலோ. உலகிலேயே அதிகம் காபி விளைவிக்கும் நாடு பிரேசில். அங்கே காபிக் கணக்கெல்லாம் இந்தச் சாக்காவில்தான். சாக்கா என்று எழுத வேண்டிய இடத்தில் சாக்கோ என்று எழுதினால் அளவு போய், வெறும் மூட்டைதான் மிஞ்சும். ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அதைப் பார்த்ததுமே காபி வியாபாரிக்குத் தெரிந்துவிடும், எழுதியவர் காபி கிடங்குப் பக்கமே போகாதவர் என்று.

பிளாஸ்டிக் பைக்கு வரலாம். ஆங்கிலத்தில் 'பிளாஸ்டிக் பேக்' என்றால் எல்லாம் அதில் அடக்கம். பிரேசிலில் கைப்பிடி இருந்தால் சக்கோலா, செல்லமாக 'சக்கோலின்யா'. கைப்பிடி இல்லாமல் காய்கறி போடுவது சாக்கோ. குப்பை கட்டுவதும் சாக்கோ. சாவ் பாவ்லோ நகரம் 2011-ல் பிளாஸ்டிக் பைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. அது நடைமுறைக்கு வந்த 2015-ல், பச்சை, சாம்பல் என்று இரண்டு நிறத்தில் புதிய பைகள் வந்தன. மறுசுழற்சிக்குப் போகும் குப்பைக்குப் பச்சை, மற்றதற்குச் சாம்பல். அதாவது கடையிலிருந்து சக்கோலாவாக வருவது வீட்டில் குப்பைச் சாக்கோவாக மறுபிறவி எடுக்க வேண்டும் என்பதுதான் திட்டம். இதைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைத் திருப்பி மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் சாக்கோ என்று போட்டால் அந்தத் திட்டத்தின் சூட்சுமமே காணாமல் போய்விடும். அதே 2015-ல் போர்ச்சுகலும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு வரி போட்டது, பை ஒன்றுக்கு 10 சென்ட். அங்கே அந்தப் பைக்குப் பெயர் சாக்கோதான், கைப்பிடி இருந்தாலும்!

இனி போல்சாவின் இன்னொரு முகம். அந்தச் சொல்லுக்குப் பணப்பை என்ற பழைய ஞாபகம் போகவில்லை. பங்குச் சந்தையும் போல்சாதான். மாணவர்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் போல்சாதான். ஆங்கிலத்தில் உதவித்தொகைக்கு 'பர்சரி' என்று ஒரு சொல் உண்டே, அதற்குள்ளும் இதே புர்சா ஒளிந்திருக்கிறது. 2003-ல் அதிபர் லூலா தொடங்கிய ஏழைக் குடும்பங்களுக்கான திட்டத்தின் பெயர் 'போல்சா ஃபமிலியா'. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பணம் தரும் திட்டம். 2021-ல் வேறு பெயரில் வேறு திட்டம் அந்த இடத்துக்கு வந்தது. 2023-ல் பழைய பெயரே திரும்பியது. இதைக் 'குடும்பப் பை' என்று மொழிபெயர்த்தால் சிரிப்புதான் வரும். 'குடும்ப உதவித்தொகை' என்றால் அர்த்தம் சரி, ஆனால் பை காணாமல் போய்விடும்.

இந்த இரட்டை அர்த்தம் இலக்கியத்திலும் விளையாடியிருக்கிறது. டோல்கினின் ஹாபிட் கதை 1937-ல் வந்தது. கதாநாயகன் பில்போ பேக்கின்ஸ். அந்தக் குடும்பப் பெயருக்குள் 'பேக்' இருப்பது தற்செயல் இல்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்காக டோல்கின் ஒரு குறிப்பேடே எழுதி வைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1975-ல் அது அச்சில் வந்தது. பேக்கின்ஸ் என்ற பெயரில் பை என்ற பொருள் தரும் சொல் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார். பிரேசில் மொழிபெயர்ப்பு அதை மதித்து 'பில்போ போல்செய்ரோ' என்று வைத்தது. அவர் வீடு 'போல்சாவ்'. அந்த வீட்டின் மேல் கண் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் 'சக்கோலா-போல்செய்ரோ'. பிரமாதமான வேலை! ஆனால் இதே புத்தகத்தைப் போர்ச்சுகலில் ஒரு மாணவர் எடுத்துப் படித்தால்? அங்கே போல்செய்ரோ என்றால் உதவித்தொகை வாங்கிப் படிப்பவர். (பிரேசிலில் அவருக்கு 'போல்சிஸ்தா' என்று பெயர்.) டிராகனின் புதையலைத் தேடிப் போகும் ஸ்காலர்ஷிப் மாணவர் பில்போ! யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு கரையில் சரியான சொல், கடலைத் தாண்டினால் வேறு வேஷம் போட்டுக்கொள்கிறது.

ஆஸ்கர் வைல்டின் 1895-ஆம் வருட நகைச்சுவை நாடகம் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்'. அதிலும் ஒரு பை உண்டு. கதாநாயகன் கைக்குழந்தையாக விக்டோரியா ரயில் நிலையத்தில் ஒரு 'ஹேண்ட்பேக்'கில் கண்டெடுக்கப்பட்டவன். இன்றைய அகராதியைப் பார்த்து போல்சா என்று போட்டால் பார்வையாளர் குழம்புவார். அதற்குள் உதட்டுச் சாயமும் கைக்குட்டையும் போகும், குழந்தை எப்படிப் போகும்? அந்தக் காலத்து ஹேண்ட்பேக் என்பது கைப்பிடி வைத்த பெரிய தோல் பயணப்பை. காலம் மாறியபோது பை சின்னதாகிவிட்டது, சொல் மட்டும் அப்படியே நிற்கிறது.

பேச்சு வழக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரேசிலில் சாக்கோவுக்குக் கொச்சையான உடலுறுப்பு அர்த்தமும் உண்டு. 'சாக்கோவை நிரப்புகிறான்' என்றால் கழுத்தறுக்கிறான் என்று அர்த்தம். 'சாக்கோ இழுப்பவன்' என்றால் ஜால்ரா. 'கைப்பிடி இல்லாத மாலா' என்றால் சகிக்க முடியாத போர் ஆசாமி, தூக்கவும் முடியாது, விடவும் முடியாது! 'ஒரே சாக்கோ மாவு' என்றால் தமிழில் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஆங்கிலத்தில் பையிலிருந்து பூனையை வெளியே விட்டால் ரகசியம் உடைந்தது என்று பொருள். போர்ச்சுகீசியத்தில் அங்கே பையும் இல்லை, பூனையும் இல்லை, நாக்கு போய்ப் பல்லில் இடிக்கிறது. இந்த இடங்களில் பையைத் தூக்கி எறிவதுதான் நல்ல மொழிபெயர்ப்பு.

இதற்கெல்லாம் ஒரு பதில் வாதம் உண்டு. இரண்டு நாட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத்தானே செய்கிறார்கள், இவ்வளவு அலட்டல் எதற்கு? உண்மைதான். 1977-ல் 'கேப்ரியலா' என்ற பிரேசில் தொடர் போர்ச்சுகல் தொலைக்காட்சியில் வந்ததிலிருந்து பிரேசில் பேச்சு அந்த ஊர் வீடுகளுக்குப் பழக்கம். 1990-ல் போர்ச்சுகீசிய மொழி பேசும் நாடுகள் ஒரே எழுத்துமுறைக்காக ஒப்பந்தமும் போட்டன. பிரேசிலில் அது 2009-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் ஒன்றுபடுத்தியது எழுத்தை, பையை அல்ல. சொல்லை எப்படி எழுதுவது என்று சொல்லும், எந்தச் சொல்லை எழுதுவது என்று சொல்லாது. தொலைக்காட்சித் தொடரில் பை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் சொல் எதுவானாலும் புரிகிறது. புகார் மனுவில், ஆஸ்பத்திரிப் படிவத்தில், சுங்கச் சாவடியில் பை கண்ணுக்குத் தெரியாது. அங்கே சொல் மட்டும்தான் இருக்கிறது.

செலவை மிச்சப்படுத்த ஒரே போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பை இரண்டு நாட்டுக்கும் அனுப்பும் பழக்கம், இது போன்ற காகிதங்களிலாவது ஒழிய வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே என்பதும் முழுப் பதில் ஆகாது. இயந்திரம் சுற்றியுள்ள சொற்களைப் பார்த்து ஊகிக்கும். இப்போதெல்லாம் நன்றாகவே ஊகிக்கிறது. ஆனால் சுற்றிலும் எந்தக் குறிப்பும் இல்லாதபோது அடிக்கடி வரும் சொல்லின் பக்கம்தான் சாயும். மனிதர் செய்யக்கூடியது வேறு ஒன்று: திரும்பக் கேட்பது.

அகராதிகளும் 'பேக்' என்ற சொல்லுக்கு எதிரே சமமான சொல்லைப் போடுவதற்கு முன் நான்கு கேள்விகளைப் போட்டால் நன்றாக இருக்கும். யார் சுமக்கிறார்? எப்படிச் சுமக்கிறார், கையிலா, தோளிலா, முதுகிலா? உள்ளே என்ன இருக்கிறது? எந்த ஊர்க்காரர் படிக்கப் போகிறார்? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் சொல் தானாக வந்து நிற்கும். தெரியாவிட்டால் எந்த அகராதியும் காப்பாற்றாது.

அந்தப் போர்ச்சுகல் பெண்ணிடம் மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: 'அம்மா, அது எவ்வளவு பெரிசு?' அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருப்பார்.